மிதி மெஷினில் லேப்டாப் பை தைப்பது: துணி, அளவு, தைக்கும் வரிசை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டில் பழைய கறுப்பு மிதி மெஷின் ஒன்று உள்ளது. ஜாக்கெட், சுடிதார் எல்லாம் நன்றாகத் தைக்க வரும். மகள் தினமும் பஸ்ஸில் புதுச்சேரி கல்லூரிக்குப் போய் வருகிறாள். 15.6 இஞ்ச் லேப்டாப், நோட்டு, டிபன், தண்ணீர் பாட்டில் வைத்துத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் பை தைக்க ஆசை. ஒருமுறை தைத்துப் பார்த்ததில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. தைத்து முடித்த பையிலும் வார் பிய்ந்துவிட்டது. என்ன துணி வாங்குவது, என்ன அளவில் வெட்டுவது, எதை முதலில் தைப்பது?

பதில்:

இந்த வேலைக்கு உங்கள் மெஷின் தாராளமாகப் போதும். பழைய கறுப்பு மெஷினின் இரும்பு உடம்புக்கு இருக்கும் இழுவை, இப்போது வரும் பல சின்ன பிளாஸ்டிக் மெஷின்களுக்குக் கிடையாது. ஊசி உடைந்ததற்கும் வார் பிய்ந்ததற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பையின் வாய், மூடி, வார், லைனிங் எல்லாவற்றையும் ஒரே ஓரத்தில் செருகி, ஒரே தையலில் முடிக்கப் பார்ப்பது. அங்கே ஏழெட்டு அடுக்கு சேர்ந்துவிடும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம் சாய்ந்து நிற்கும், ஊசி வளையும், நடுவில் தையல் விட்டுப் போகும். மேலே பார்த்தால் தைத்த மாதிரியே தெரிந்தாலும் அந்த இடத்தில் பிடிப்பு இருக்காது. பை நிறைந்து கனமாகும்போது வார் முதலில் கழன்று வருவது அங்கேதான்.

ஆகவே இதில் முதல் வேலை அடுக்கை எண்ணுவது. ஊசிக்கு அடியில் கெட்டித் துணி நான்கு அடுக்குக்கு மேல் வராதபடி அளவையும் வரிசையையும் அமைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கீழே சொல்லும் அளவுகளெல்லாம் அந்தக் கணக்கில் போட்டவை.

முதலில் துணி. டெய்லரிங் சாமான் கடையில் வெறுமனே கேன்வாஸ் என்று கேட்டால் காலருக்கு வைக்கும் விறைப்புத் துணியை எடுத்துக் கொடுப்பார்கள். பை தைக்கும் கெட்டி காட்டன் கேன்வாஸ் என்று சொல்லிக் கேளுங்கள். எடை 340 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம் என்ற கணக்கு), கடைக்காரர் சொல்லும் அவுன்ஸ் கணக்கில் 10 அல்லது 12 அவுன்ஸ் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மடித்துத் தைக்கும் இடங்களில் வீட்டு மெஷின் திணறும். அதற்குக் கீழே போனால் லேப்டாப் கனத்துக்குப் பை தொங்கிப் போகும். 44 இஞ்ச் அகலத் துணியில் ஒரு மீட்டர், 58 இஞ்ச் அகலத்தில் முக்கால் மீட்டர் போதும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் ஜீன்ஸிலும் தைக்கலாம். ஆனால் கால் பக்கத்தின் கெட்டியான மடிப்புத் தையல் உங்கள் தையல் கோட்டில் வந்து விழாதபடி தள்ளி வெட்ட வேண்டும். முன், பின் பாகத்துக்கு ஒட்டுப் போடவும் வேண்டியிருக்கும். முதல் பைக்குக் கேன்வாஸே மேல்.

லைனிங்குக்கு நம் பக்கத்திலேயே அருமையான துணி இருக்கிறது. குறிஞ்சிப்பாடிக் கட்டம் போட்ட கைலி ஒன்று எடுத்தால் முழு லைனிங்கும் வந்துவிடும். மெல்லியது, நெசவு நெருக்கமானது. கட்டத்தின் கோடே வெட்டுவதற்கு வழி காட்டும், துணி கோணலாகப் போகாது. வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பு லைனிங் போட்ட பைக்குள் சாவியைத் தேடுவது பெரும்பாடு.

இரண்டையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்துவிடுங்கள். காட்டன் கேன்வாஸ் மீட்டருக்கு 5 செ.மீ. வரைகூடச் சுருங்கும். கைலி அவ்வளவு சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் வெளித்துணி மட்டும் சுருங்கி, உள்ளே லைனிங் தொளதொளவென்று தொங்கும். கேன்வாஸில் ஏற்றியிருக்கும் கஞ்சியும் போய்விடுவதால் ஊசி சுலபமாக இறங்கும்.

வாருக்கு ஒன்றரை இஞ்ச் அகல நைலான் நாடா, இரண்டேகால் மீட்டர். மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் நாடா வழவழவென்று இருக்கும், வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரில் நழுவும், வெயிலில் நாளாக நாளாக நார் நாராக உதிரும். காட்டன் நாடா தோளுக்கு இதம்தான். ஆனால் வியர்வையும் மழையும் குடித்து வாடை வரும். நைலான் நாடாவை வெட்டியதும் நுனியை மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே போகும்.

வளையம் வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் உப்புக் காற்று முலாம் பூசிய இரும்பைச் சும்மா விடாது. ஒரு மழைக்காலம் போதும், துரு ஏறி நாடாவிலும் சட்டையிலும் கறை பிடிக்கும். காந்தம் கெட்டியாக ஒட்டினால் அது இரும்பு. பித்தளையிலும் ஜிங்க் கலவையிலும் ஒட்டாது. வளையத்தின் இணைப்பையும் பாருங்கள். கம்பியை வளைத்து இரண்டு நுனியையும் சும்மா சேர்த்து வைத்த வளையம் கனம் ஏறினால் வாய் திறக்கும், நாடா வழியே நழுவி வந்துவிடும். பற்றவைத்து மூடியது அல்லது ஒரே வார்ப்பாக வந்தது மட்டும் வாங்குங்கள். ஒன்றரை இஞ்ச் சதுர வளையம் இரண்டு, அதே அகலத்தில் அட்ஜஸ்டர் ஒன்று. டெய்லரிங் கடையில் இல்லையென்றால் பை, செருப்பு ரிப்பேர் செய்பவர்களிடம் எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

மற்றவை: 5 மி.மீ. பை ஃபோம் அரை மீட்டர், ஒரு இஞ்ச் அகல வெல்க்ரோ கால் மீட்டர், உள் பாக்கெட்டுக்கு 8 இஞ்ச் ஜிப் ஒன்று, ஒரு இஞ்ச் எலாஸ்டிக் 7 இஞ்ச், பாலியஸ்டர் நூல். ஜாக்கெட்டுக்குப் போடும் மெல்லிய காட்டன் நூல் இதற்கு ஆகாது. ஈரத்திலும் வியர்வையிலும் நைந்துவிடும். ஊசி 16 நம்பரும் 18 நம்பரும் இரண்டிரண்டு. நீங்கள் ஜாக்கெட் தைக்கும் 14 நம்பர் ஊசியைக் கேன்வாஸில் இறக்கினால் உடையத்தான் செய்யும். தையல் நீளத்தை இஞ்சுக்கு எட்டுத் தையல் வருகிற மாதிரி கூட்டி வையுங்கள். பொடித் தையல் பலம் தரும் என்று தோன்றும். கெட்டித் துணியிலும் நாடாவிலும் அது துளைகளை நெருக்கி, கிழிவதற்கு வழி போட்டுக் கொடுக்கிறது.

இனி வெட்டு. தைத்து முடித்த பை 16 இஞ்ச் அகலம், 12 இஞ்ச் உயரம், 4 இஞ்ச் கனம். சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்ச் விட்ட அளவுகள் இவை. முன் பாகம், பின் பாகம் 17க்கு 13 இஞ்சில் ஒவ்வொன்று. இரு பக்கமும் அடியும் சேர்ந்த ஒரே நீளப் பட்டி 41க்கு 5. மூடி 16.5க்கு 15. முன் பாக்கெட் 13க்கு 8.5. லைனிங்கில் முன், பின், பட்டி, மூடி நான்கையும் இதே அளவில் வெட்டி, லேப்டாப் பாக்கெட்டுக்கு 17க்கு 19 இஞ்சில் ஒரு துண்டு கூடுதலாக எடுங்கள்.

மூடியின் அகலம் பையைவிட அரை இஞ்ச் குறைவாக, தைத்த பிறகு 15.5 இஞ்ச் வரும். அழகுக்காகச் செய்ததல்ல இது. மூடியின் ஓரம் மடிந்து தடித்திருக்கும். பின் பாகமும் பட்டியும் சேரும் மூலைத் தையலும் தடித்திருக்கும். இரண்டும் ஒரே புள்ளியில் விழுந்தால் ஊசி அங்கே நிச்சயம் உடையும். இருபுறமும் கால் இஞ்ச் உள்ளே தள்ளிவிட்டால் மூடி முடிந்த பிறகுதான் மூலை வரும், தையல் தடங்கலில்லாமல் ஓடும்.

தைக்கும்போது சின்ன வேலைகள் எல்லாவற்றையும் துணி தட்டையாகக் கிடக்கும்போதே முடித்துவிட வேண்டும். பை உருவான பிறகு மெஷினுக்குள் நுழையாது.

முன் பாக்கெட்டின் மேல் ஓரத்தை அரை அரை இஞ்சாக இரண்டு மடிப்பு மடித்துத் தைத்து, மற்ற மூன்று ஓரத்தையும் அரை இஞ்ச் மடித்து அயர்ன் செய்து, முன் பாகத்தின் நடுவில் வைத்துத் தையுங்கள். பக்கத் தையல் வரை இழுத்துச் செருகாதீர்கள். அங்கே இன்னொரு அடுக்கு நமக்கு வேண்டாம். வெல்க்ரோவில் முள் பக்கம் இந்தப் பாக்கெட்டின் மேல், மெத்துப் பக்கம் மூடியின் உள்ளே. மாற்றித் தைத்தால் மூடியைத் திறந்து பின்னால் போடும்போதெல்லாம் முள் துப்பட்டாவை இழுக்கும்.

அடுத்தது வளையம். பையின் உயிர் இங்கேதான், அவசரப்படாதீர்கள். நாடாவில் 9 இஞ்ச் துண்டு இரண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் வளையத்துக்குள் நுழைத்து மடிக்கும்போது ஒரு பாதி 5 இஞ்சும் மறு பாதி 4 இஞ்சும் இருக்கட்டும். சின்னப் பாதி உள்ளே போகட்டும், பெரியது அதை மூடட்டும். இரண்டு நுனியும் ஒரே இடத்தில் முடியாததால் படி குறையும். இதைப் பட்டியின் இரு முனையிலும், அகலத்தின் நடுவில், வளையம் மேலே பார்க்க, மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை இஞ்ச் கீழே தள்ளி வையுங்கள். பட்டியின் உள் பக்கம் 3க்கு 6 இஞ்சில் கேன்வாஸ் துண்டு ஒன்றைப் பின்தாங்கலாகக் கொடுங்கள். நாடா இரண்டு, கேன்வாஸ் இரண்டு, நான்கே அடுக்கு. 18 நம்பர் ஊசி போட்டு, நாடாவின் விளிம்பிலிருந்து நூலளவு உள்ளே தள்ளி 3 இஞ்ச் உயரத்துக்குக் கட்டம் போட்டு, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட்டு, அதே கோட்டில் இன்னொரு சுற்று ஓட்டுங்கள். கட்டத்துக்குக் கீழே மிஞ்சும் நாடாவையும் ஓரம் பிடித்துத் தைத்துவிடுங்கள். கனம் ஏறும்போது இழுப்பு ஒரு கோட்டில் விழாமல் இந்தப் பரப்பு முழுவதிலும் பரவும். வாய்த் தையலுக்குள் நாடா போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிய்ந்த உங்கள் பைக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் அதுதான்.

லைனிங் பின் பாகத்தின் கெட்ட பக்கத்தில் 15.5க்கு 11 இஞ்ச் ஃபோம் வைத்து மூன்று நான்கு நேர்த் தையல் ஓட்டுங்கள். துணியை நகர்த்தும் மெஷின் பல்லில் ஃபோம் மாட்டி நகராமல் நின்றால் அடியில் நியூஸ்பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுக்கலாம். ஃபோம் எக்காரணம் கொண்டும் ஓரத் தையலுக்குள் போகக் கூடாது.

லேப்டாப் பாக்கெட் துண்டை 19 இஞ்ச் பக்கத்தில் இரண்டாக மடித்து, உள்ளே 15.5க்கு 8.5 இஞ்ச் ஃபோம் செருகி, மடிப்பு மேலே வர வையுங்கள். கீழ் ஓரத்தை அரை இஞ்ச் உள்ளே மடித்து, லைனிங் பின் பாகத்தின் அடி விளிம்பிலிருந்து ஒன்றரை இஞ்ச் மேலே தைக்க வேண்டும். அரை இஞ்ச் தையலுக்குப் போக, லேப்டாப் பையின் அடியிலிருந்து ஒரு இஞ்ச் உயரத்தில் தொங்கும். பஸ்ஸில் பையைத் தொப்பென்று கீழே வைத்தாலும் லேப்டாப்பின் மூலை தரையில் இடிக்காது. ஜிப் பாக்கெட் லைனிங் முன் பாகத்தில் வரட்டும். எலாஸ்டிக்கின் இரு நுனியையும் லைனிங் பட்டியில் 3 இஞ்ச் இடைவெளி விட்டுத் தைத்தால் பாட்டில் சாயாமல் நிற்கும்.

மூடிக்குக் கேன்வாஸும் லைனிங்கும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, கீழ் மூலைகளைத் தட்டு வைத்து வளைத்து வரைந்து மூன்று பக்கம் தைக்க வேண்டும். முன்பு வெட்டிய லைனிங்கைத் தைக்கும் முன் சுற்றிலும் நூலளவு கத்தரித்து இழுத்துப் பிடித்துத் தைத்தால் மூடி உட்புறமாக வளைந்து பையோடு படியும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நாளடைவில் நுனி வெளிப்புறம் சுருண்டு நிற்கும். வளைவில் சின்ன வெட்டுகள் கொடுத்துத் திருப்பி அயர்ன் செய்து, கால் இஞ்ச் தள்ளி மேல் தையல் போடுங்கள்.

இப்போது வெளிப்பை. பட்டியில் இரு முனையிலிருந்தும் 12.5 இஞ்சில் குறி வைத்து, அந்த இடத்தில் ஓரத்தில் முக்கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு கொடுங்கள். தையல் கோட்டைத் தொடக் கூடாது, நூலளவு விட்டு நிறுத்த வேண்டும். இந்த வெட்டு இல்லாமல் மூலையைத் திருப்பினால் அங்கே சுருக்கம் விழும். கோட்டைத் தாண்டிவிட்டாலோ மூலையில் ஓட்டை. முன் பாகத்தின் அடி நடுவையும் பட்டியின் நடுவையும் சேர்த்துக் குத்தி, நடுவிலிருந்து ஒரு பக்கம், மீண்டும் நடுவிலிருந்து மறு பக்கம் என்று மேலே கொண்டுபோங்கள். ஒரு முனையில் தொடங்கிச் சுற்றி வந்தால் கீழ்த்துணியைப் பல் இழுக்க, மேல்துணி பின்தங்கும். கடைசியில் பை முறுக்கிக்கொண்டு நிற்கும். மூலையில் ஊசி துணிக்குள் இருக்கும்போதே பாதத்தைத் தூக்கித் திருப்பி இறக்குங்கள். பின் பாகமும் அப்படியே. தையல் ஓரங்களைப் பிரித்து அழுத்தி அயர்ன் செய்யுங்கள். ஒரே பக்கம் சாய்த்தால் வாயில் அடுக்கு கூடும்.

லைனிங்கும் அதே மாதிரிதான். இரண்டே வித்தியாசம்: பக்கத் தையலை அரை இஞ்சுக்குச் சற்று கூடுதலாகப் பிடியுங்கள், அப்போதுதான் உள்ளே மடியாமல் உட்காரும். அடித் தையலில் 8 இஞ்ச் தைக்காமல் விடுங்கள், பையைத் திருப்ப அந்த வழிதான்.

மூடியின் நல்ல பக்கம் பின் பாகத்தின் நல்ல பக்கத்தைப் பார்க்க, நடுவோடு நடு சேர்த்து, மேல் ஓரத்தில் ஒரு தற்காலிகத் தையல். மூடியின் லைனிங் ஓரத்தை இங்கே கால் இஞ்சாகக் கத்தரித்துவிடலாம். பிறகு நல்ல பக்கம் வெளியே இருக்கும் வெளிப்பையை, கெட்ட பக்கம் வெளியே இருக்கும் லைனிங் பைக்குள் இறக்குங்கள். லேப்டாப் பாக்கெட் மூடி இருக்கும் பக்கத்துக்கு வரட்டும். பக்கத் தையல்களைப் பொருத்திக் கிளிப் போட்டு வாயைச் சுற்றித் தைக்க வேண்டும். பையை மெஷினுக்கு வெளியே வைத்துத் தைக்கப் பார்த்தால் கைக்கு வராது. பாதம் பையின் வாய்க்கு உள்ளே இறங்கும்படி வைத்து, வாயின் உட்புறம் பார்த்துக்கொண்டே சுற்றி வாருங்கள். மூலைகளில் மிதியை விட்டுக் கைச்சக்கரத்தால் ஓட்டுங்கள். திருப்பி எடுத்து, வாயை அயர்ன் செய்து, கால் இஞ்ச் தள்ளி மேல் தையல். மூடி இருக்கும் பக்கத்தில் மடிந்த ஓரங்களெல்லாம் சேர்ந்து நம் நான்கு அடுக்குக் கணக்கை மீறும். தவிர்க்க முடியாத ஒரே இடம் இது, 18 நம்பர் ஊசியோடு மெதுவாகப் போங்கள். லைனிங் அடியில் விட்ட வழியை ஓரம் மடித்துத் தைத்துவிடலாம்.

கடைசியாக வார். மிச்சமிருக்கும் ஒன்றேமுக்கால் மீட்டர் நாடாவின் ஒரு நுனியை ஒரு வளையத்தில் மடித்துக் கட்டத் தையல் போடுங்கள். மறு நுனியை அட்ஜஸ்டரில் ஏற்றி இறக்கி, அடுத்த வளையத்தில் நுழைத்துத் திரும்பக் கொண்டுவந்து, அட்ஜஸ்டரின் நடுக்கம்பியில் சுற்றித் தையுங்கள். தைக்கும் முன் மாட்டிப் பாருங்கள், நாடா முறுக்கியிருந்தால் அப்போதே தெரியும்.

ஊசி விஷயத்தில் இன்னும் ஒன்று. கெட்டித் துணி நகரவில்லை என்று பின்னாலிருந்து கையால் இழுப்பதுதான் ஊசியின் எமன். இழுத்ததும் ஊசி வளைந்து தகட்டில் இடித்து உடைகிறது. பாதம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டால், பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் அதே உயரத்துக்கு மடித்த கேன்வாஸ் துண்டு ஒன்றைச் செருகுங்கள். பாதம் சமமாகும், தையல் விட்டுப் போகாது. அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் பாபினைத் திருகாதீர்கள். மேல் நூல் டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேன்வாஸ் நிறையப் பஞ்சு உதிர்க்கும். பை முடிந்ததும் ஷட்டிலைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காட்டன் கேன்வாஸ் தாங்காது. ஸ்கூல் பை தைக்கும் பூச்சுப் பூசிய பாலியஸ்டரில் தைத்தாலும் தையல் துளை வழியே தண்ணீர் இறங்கும். பை முழுவதும் நுழைகிற மாதிரி எலாஸ்டிக் வைத்த மழை உறை ஒன்றைத் தனியாகத் தைத்து முன் பாக்கெட்டில் வைத்துவிடுவதே நல்லது. துணிக்கு மெழுகு ஏற்றும் முறையும் உண்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் அது இளகிச் சட்டையில் ஒட்டும், வேண்டாம்.

மகளிடம் கொடுப்பதற்கு முன் பைக்குள் 7 கிலோ அரிசியை வைத்து இரவு முழுக்கக் கதவுக் கொக்கியில் தொங்கவிடுங்கள். காலையில் வளையத்தைச் சுற்றியுள்ள கட்டத் தையலைப் பாருங்கள். நூல் இழுபட்டுத் துளைகள் வாய் திறந்திருந்தால், லைனிங் அடித் தையலைப் பிரித்து, லைனிங்கை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் கட்டத்தை மட்டும் இன்னொரு சுற்று தைத்துவிட்டு மூடுங்கள்.